ஆறு கிரிக் கப்பல்களும் அவற்றின் உதிரிபாகங்களும்

(குன்னூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நம் மலை ரயில் நிலையங்களின் ஊர்ப் பெயர்ப் பலகைகளில், பெயருக்கு அடியில், கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்று எழுதியிருக்கும். உதகை நிலையத்தில் 2,203 மீட்டர். தினமும் பார்க்கிறோம். நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு அந்த ஓர் எண்ணோடு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த மலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1972 முதல் 1996 வரை இந்தியக் கடற்படையில் பணி செய்தது. அதே பெயரில் இன்னொரு கப்பல் 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் படையில் சேர்ந்திருக்கிறது. ஐ.என்.எஸ். நீலகிரி. நம் பெயர் எழுதிய அந்த இரும்பைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசியதில்லை.

அதன் பீரங்கிகளைப் பற்றிப் பேச நான் வரவில்லை. வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி இருக்கிறது, அதைப் பேசத் தகுதியானவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரப் பராமரிப்பு பார்த்தவன். என் வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரு பேரிங் எப்போது வரும், ஒரு பல்சக்கரத்தை யார் வெட்டித் தருவார்கள் என்று காத்திருந்ததில் கழிந்தது. ஆகவே உதிரிபாகங்களைப் பற்றிப் பேசுகிறேன். அந்தக் கப்பலின் கதையே உதிரிபாகத்தின் கதைதான் என்பது என் துணிபு.

கடற்படையில் 'கிளாஸ்' என்றொரு சொல் புழங்குகிறது. தமிழில் வகுப்பு என்கிறோம். ஒரே வரைபடத்தை வைத்து அடுத்தடுத்துக் கட்டிய கப்பல்கள் ஒரு வகுப்பு. முதலில் கட்டிய கப்பலின் பெயரே வகுப்பின் பெயர் ஆகிவிடும். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி 'இன்னார் அம்மா' என்று தாயை அழைக்கிறோமே, அதுபோல. 1963இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த லியாண்டர் என்ற ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பலின் பெயரால் அமைந்தது லியாண்டர் வகுப்பு. பிரிட்டன் தனக்காக 26 கட்டிக்கொண்டது. நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஆகிய நாடுகளும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டன. நாம் எடுத்துக்கொண்டது ஆறு. நீலகிரி, ஹிம்கிரி, உதயகிரி, துனகிரி, தாராகிரி, விந்தியகிரி. எல்லாம் கிரி. வெளியுலகுக்கு அவை லியாண்டர்கள். நமக்கு நீலகிரி வகுப்பு.

ஆறும் பம்பாய் மசகான் கப்பல் தளத்தில் உருவானவை. அந்தத் தளத்தை இந்திய அரசு எடுத்துக்கொண்டது 1960இல். அதற்குமுன் இவ்வளவு பெரிய, நவீனமான போர்க்கப்பல் எதையும் அது கட்டியதில்லை. இந்தியாவில் எங்குமே கட்டியதில்லை. 1966 அக்டோபரில் நீலகிரிக்கு அடித்தண்டு வைத்தார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1968 அக்டோபர் 23 அன்று, பிரதமர் இந்திரா காந்தி அதைத் தண்ணீரில் இறக்கினார். படையில் சேர்ந்தது 1972 ஜூனில். அதற்கு ஆறு மாதம் முன்னால், 1971 டிசம்பர் 9 இரவு, பிரிட்டனில் கட்டிய குக்ரி என்ற நம் ஃபிரிகேட் அரபிக் கடலில் மூழ்கடிக்கப்பட்டிருந்தது. அந்தத் துயரத்தின் ஈரம் காயாத படையில்தான் நீலகிரி சேர்ந்தது. கடைசிப் பிள்ளை விந்தியகிரி சேர்ந்தது 1981இல்.

நீளம் 113 மீட்டர். முழுச் சுமையோடு ஏறத்தாழ 3,000 டன். இரண்டு கொதிகலன், இரண்டு நீராவி டர்பைன், 30,000 குதிரைத்திறன். கொதிகலனுக்குள் நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 550 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 30 பவுண்டு என்றால், பதினெட்டு டயரின் அழுத்தத்தை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். நீராவியின் வெப்பம் 450 டிகிரி செல்சியஸ். இந்த நீராவி ஒரு குழாயில் மயிரிழைத் துவாரம் வழியே பீறினால் கண்ணுக்குத் தெரியாது. எதிரே வரும் மனிதனின் சதையை அறுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு வால்வும், ஒவ்வொரு கேஸ்கெட்டும், ஒவ்வொரு குழாயும் குறித்த தரத்தில் இருந்தே ஆகவேண்டும். 'இப்போதைக்கு ஏதோ ஒன்றைப் போட்டு ஓட்டுவோம்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கொதிகலனைப் பக்கத்தில் போய்ப் பார்க்காத குன்னூர்க்காரர் இருக்க மாட்டார். இறங்கிப் போனால் லோகோ ஷெட். அங்கே நிற்கும் எக்ஸ் கிளாஸ் எஞ்சின்களும் ஒரு வகுப்புதான். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1914 முதல் பல தவணைகளாகக் கட்டினார்கள். கடைசித் தவணை 1952இல் வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவதற்காக நான்கு சிலிண்டர் கொண்டவை. இரண்டு சிலிண்டர் சக்கரத்தை ஓட்டும். அவை உமிழும் நீராவியை வாங்கி மற்ற இரண்டும் பல்சக்கரத்தை ஓட்டும். உலகில் வேறெங்கும் ஓடாத எஞ்சின். அதைச் செய்தவர்கள் நீராவி எஞ்சின் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் பாகம் தேய்ந்தால் யாரிடம் கேட்பது? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

ஒரு போர்க்கப்பலின் உதிரிபாகங்கள் இரண்டு இடங்களில் இருக்கும். முதலாவது கப்பலிலேயே வைத்திருப்பது. நடுக்கடலில் பழுதானால் கப்பல்காரர்களே கழற்றி மாட்டக்கூடியவை: பம்பின் சீல், பர்னரின் மூக்கு, ஃபியூஸ், வால்வின் பாக்கிங். இரண்டாவது கரையில் கிடங்கில் இருப்பது. அங்கே கொதிகலன் குழாய்கள், டர்பைன் இதழ்கள், தண்டுப் பேரிங்குகள். இவற்றுள்ளும் ஒரு தனி இனம் உண்டு. கப்பலின் ஆயுளில் ஒரு முறைகூடத் தேவைப்படாமல் போகலாம், ஆனால் தேவைப்படும் நாளில் அது இல்லை என்றால் கப்பலே இல்லை. எங்கள் தொழிற்சாலைகளிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதம் சுற்றி, பலகைப் பெட்டியில் ஆணி அடித்து மூலையில் கிடக்கும். தணிக்கைக்கு வருபவர், "இத்தனை வருஷமா எடுக்கலையே, எதுக்குப் பணத்தை முடக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார். அவர் கேள்வி நியாயமானது. அந்தப் பெட்டி இருப்பதும் நியாயம்தான்.

ஒரே வகுப்புக் கப்பல்கள் என்பதால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நினைப்போம். வகுப்பு என்ற ஏற்பாட்டின் பெரிய லாபமே அதுதான். ஆறு கப்பலுக்கு ஒரே வகைப் பம்பு என்றால் கிடங்கில் இரண்டு பம்பு போதும். ஆறும் ஆறு விதம் என்றால் ஆறு வேண்டும். ஆனால் நம் ஆறு சகோதரிகளும் அச்சில் வார்த்ததுபோல் இல்லை. நீலகிரி ஏறக்குறைய முழுக்க பிரிட்டிஷ் லியாண்டர். அடுத்து வந்த ஹிம்கிரியிலிருந்து ராடார்களும் பீரங்கிக்குக் குறிபார்க்கும் கருவிகளும் டச்சுக்காரர்களின் சிக்னல் நிறுவனத்தைச் சார்ந்தவை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று அவற்றைச் செய்யத் தொடங்கியது. கடைசி இரண்டான தாராகிரியிலும் விந்தியகிரியிலும் பின்பக்கமே மாறிவிட்டது. முதல் நான்கில் சேத்தக் போன்ற சிறிய ஹெலிகாப்டர்தான் இறங்க முடியும். இவை இரண்டில் சீ கிங் என்ற பெரிய ஹெலிகாப்டர் இறங்குவதற்காக, மடித்து விரிக்கும் கொட்டகை கட்டினார்கள். போர்த்திறன் கூடியது. கூடவே உதிரிபாகப் பட்டியலும் நீண்டது.

இதில் அளவுகளின் சிக்கல் வேறு. இந்தியா 1956இல் சட்டம் போட்டு மீட்டருக்கு மாறிய நாடு. பிரிட்டிஷ் வரைபடங்கள் அடி, அங்குலத்தில் இருந்தன. டச்சுக் கருவிகள் மில்லிமீட்டரில். ஒரு மரையாணிக்கு எந்த மரை என்று பார்த்துத்தான் ஸ்பேனர் எடுக்க வேண்டும். பழைய தேயிலை ஃபாக்டரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று, மெட்ரிக் செட் ஒன்று என்று இரண்டு பெட்டி வைத்திருப்போம்.

இனி நான் கொஞ்சம் ஊன்றிச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். உதிரிபாகம் என்பது வெறும் இரும்பு இல்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டின் கழுத்தில் போடும் கயிறாகவும் அது ஆகும்.

1965 செப்டம்பர் போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்கும் ஆயுத விநியோகத்தை நிறுத்தின. நீலகிரிக்கு அடித்தண்டு வைத்தது அதற்கு அடுத்த ஆண்டு. கப்பலை வாங்கிக்கொள்வதைக் காட்டிலும் கட்டக் கற்பது ஏன் முக்கியம் என்பதற்கு அந்தச் செப்டம்பரே போதும். பின்னர் 1998 மே மாதம் பொக்ரானில் அணுச் சோதனை. அமெரிக்கத் தடை வந்தது. தாராகிரியும் விந்தியகிரியும் சுமந்த அந்த சீ கிங் ஹெலிகாப்டர் பிரிட்டனின் வெஸ்ட்லாண்ட் தயாரிப்பு. ஆனால் அதன் மூலவடிவம் அமெரிக்க சிகோர்ஸ்கி நிறுவனத்துடையது. முக்கியப் பாகங்கள் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். வரவில்லை. நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர்கள் பாகம் இல்லாமல் தரையில் நின்றன. விற்றவர் ஒருவர், தடுத்தவர் வேறொருவர். பொருளை வாங்கும்போது அதற்குள் எத்தனை நாட்டின் பாகம் இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தடை வரும் நாளில்தான் எண்ணுகிறோம்.

இந்தத் தொல்லை நம்முடையது மட்டுமல்ல. ரஷ்யா கட்டும் ஃபிரிகேட்டுகளுக்கு வாயு டர்பைன் செய்து கொடுத்தது உக்ரைனின் மைக்கோலாயிவ் நகரம். 2014இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டதும் உக்ரைன் டர்பைன் தருவதை நிறுத்தியது. ரஷ்யத் தளங்களில் கப்பல் உடல் தயாராக நின்றது, உள்ளே வைக்க எஞ்சின் இல்லை. அப்படி நின்றவற்றில் இரண்டை இந்தியா எடுத்துக்கொண்டு, டர்பைன்களைத் தானே உக்ரைனிடம் வாங்கி, ரஷ்யாவுக்கு அனுப்பி முடிக்கச் செய்தது. 2024 டிசம்பரில் படையில் சேர்ந்த துஷில், 2025 ஜூலையில் சேர்ந்த தமால் ஆகியவை அவையே.

வெளியிலிருந்து வராது என்றால் நாமே செய்துகொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் இளமையில் அப்படித்தான் தோன்றியது. ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் டிரையரின் மின்விசிறித் தண்டு சீசன் உச்சத்தில் முறிந்தது. ஏப்ரல், மே. கொழுந்து மலைபோல் வருகிறது, வாட்டும் தொட்டிகள் நிறைந்துவிட்டன. இயந்திரம் பழைய பிரிட்டிஷ் சரக்கு, பாகம் கிடைக்காது. முறிந்த தண்டை அளந்து, படம் வரைந்து, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். நூலளவு பிசகாமல் கடைந்து கொடுத்தார்கள். மாட்டினோம். பதினோராவது நாள் அதே இடத்தில் முறிந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய மூத்த ஃபிட்டர் ஒருவர் எங்களோடு இருந்தார். முறிந்த இரண்டு தண்டையும் வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "தம்பி, கண்ணுக்குத் தெரியிறதை எல்லாம் அளந்துட்டீங்க. இரும்புக்குள்ள இருக்கிறதை யாரு அளக்கிறது?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. வடிவத்தை நகலெடுக்கலாம். இரும்பில் எவ்வளவு கரி, எவ்வளவு குரோமியம், எத்தனை டிகிரிக்குச் சூடேற்றி எதில் தோய்த்தார்கள், எவ்வளவு நேரம் ஆறவிட்டார்கள் என்பது வடிவத்தில் எழுதியிருக்காது. அதைச் செய்தவரின் ஏட்டில் இருக்கும், அல்லது அவர் கையில் இருக்கும். ஏடும் போய் ஆளும் போய்விட்டால் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

நீலகிரி வகுப்பு கப்பல்களைக் கட்டியபோது இந்தியத் தொழிற்சாலைகள் படித்த பாடம் இதுவே. முதல் கப்பலுக்குப் பெரும்பாலான இயந்திரங்கள் கடல் கடந்து வந்தன. அடுத்தடுத்த கப்பல்களில் நம் பங்கு கூடிக்கொண்டே போனது. பிரதான டர்பைனைப் போபாலில் பாரத் மிகுமின் நிறுவனம் செய்தது. ஒரு டர்பைன் இதழ் செய்வதற்கு அதற்கான உலோகம் வார்க்கும் ஆலை வேண்டும், சோதிக்கும் கூடம் வேண்டும், 'இது ஆகாது' என்று ஒதுக்கித் தள்ளும் துணிவுள்ள ஆய்வாளர் வேண்டும். ஒரு கப்பலுக்காக இத்தனையும் தோன்றாது. ஆறு கட்டினால்தான் தோன்றும். வகுப்பு என்ற ஏற்பாட்டுக்கு நான் இவ்வளவு மதிப்புத் தருவது அதனால்தான்.

இந்த இடத்தில் தேயிலைக்கும் போர்க்கப்பலுக்கும் உள்ள ஒரு தொடர்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்து இளைஞர் 1864இல் கச்சாருக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். இலையைக் கரியடுப்பில் காயவைக்கும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை. சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தும் இயந்திரத்தை உருவாக்கினார். பிறகு ஊர் திரும்பி 1881இல் பெல்ஃபாஸ்ட்டில் சிராக்கோ என்ற பெயரில் தொழிற்சாலை தொடங்கினார். அந்தப் பெயரை நம் மலையின் பழைய ஃபாக்டரிகளில் வார்ப்பிரும்பு எழுத்தில் பார்த்திருப்பீர்கள். தேயிலைக்குக் காற்றூட்ட அவர் வடிவமைத்த விசிறி, பின்னாளில் போர்க்கப்பல்களின் கொதிகலன் அறைகளுக்குக் காற்றூட்டப் போயிற்று. கொழுந்து உலர்த்தப் பிறந்த விசிறி கடற்படைக்குப் போன கதை இது. இரண்டு தொழிலும் அவ்வளவு தூரத்து உறவு இல்லை.

இப்போது லோகோ ஷெட்டில் விட்ட கேள்விக்கு வருகிறேன். எக்ஸ் கிளாஸ் எஞ்சின் தேய்ந்தால் யாரிடம் கேட்பது? முதலில், ஒரு எஞ்சினைக் கழற்றி மற்றதற்குக் கொடுத்தார்கள். எல்லா ஊரிலும் எல்லாத் தொழிலிலும் இதுதான் முதல் வைத்தியம். ஆனால் இந்த வைத்தியத்துக்கு ஒரு முடிவு உண்டு. பத்து எஞ்சின் எட்டாகும், எட்டு ஆறாகும். பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனை இறங்கியது. பாகங்களைச் செய்து பழகிப் பழகி, 2011 முதல் 2014 வரை எண்ணெயில் எரியும் புத்தம்புது எக்ஸ் கிளாஸ் எஞ்சின் நான்கைக் கட்டிக் கொடுத்தது. 2021இல் கரியில் எரியும் ஒன்றையும் கட்டியது. நூறு வருஷத்துக்கு முந்திய வடிவம், காவிரிக்கரையில் மறுபடி பிறந்து நம் மலை ஏறியது. பாகம் செய்யத் தெரிந்தவர்கள் கடைசியில் முழு எஞ்சினும் செய்தார்கள். எனக்குத் தெரிந்து நம் மாநிலத்தில் நடந்த மிகப் பெரிய பொறியியல் காரியங்களில் இது ஒன்று. அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

கப்பலிலும் இதுவே நடந்தது. பிரிட்டன் தன் கடைசி லியாண்டரான சிலாவை 1993இல் ஓய்வுக்கு அனுப்பியது. நம்மிடம் கடைசிவரை பணியில் இருந்த லியாண்டரான தாராகிரி 2013 ஜூன் வரை ஓடியது. நடுவில் இருபது ஆண்டு. பெற்ற வீட்டில் அந்த வகுப்பே இல்லை. அங்கே பாகம் செய்த தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் கொடுக்க ஆளில்லை. அந்த இருபது ஆண்டும் இங்கே கொதிகலன் எரிந்தது என்றால், கடற்படைப் பணிமனைகளில் பெயர் தெரியாத எத்தனையோ கைகள் குழாய் வளைத்து, செங்கல் அடுக்கி, வால்வு தேய்த்துக் கொண்டிருந்தன என்று பொருள். மற்ற நாடுகள் வேறு வழி பார்த்தன. நெதர்லாந்திடமிருந்து ஆறு கப்பலை வாங்கிய இந்தோனேசியா, பின்னாளில் நீராவி இயந்திரங்களை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின்களை வைத்தது. கப்பலின் மார்பைத் திறந்து இதயத்தை மாற்றுவது போன்ற வேலை. பிரிட்டன் கைவிட்ட ஆண்ட்ரோமிடா என்ற லியாண்டரை 1995இல் நாமே வாங்கி, கிருஷ்ணா என்று பெயரிட்டுப் பயிற்சிக் கப்பலாக வைத்துக்கொண்டோம்.

ஆறில் மூத்தவளான நீலகிரி 1996இல் ஓய்வு பெற்றாள். தங்கைகள் ஐந்து பேர் அப்போதும் கடலில் இருந்தார்கள். ஓய்வு பெறும் கப்பலிலிருந்து உதவக்கூடியதை எல்லாம் கழற்றி மற்றவற்றுக்குக் கொடுப்பதே கடற்படைகளின் வழக்கம். அதன் பிறகு மீதி உடலை 1997இல் ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காக வைத்தார்கள். சீ ஹாரியர் விமானம் ஏவிய ஏவுகணை பட்டு அது கடலுக்கு அடியில் போனது. விந்தியகிரியின் முடிவு மனத்தை வாட்டுவது. 2011 ஜனவரி 30 அன்று மும்பைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு சரக்குக் கப்பலோடு மோதி, தீப்பிடித்து, கரைக்குக் கொண்டு வந்து கட்டிய இடத்திலேயே மறுநாள் மூழ்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மேலே தூக்கினார்கள். ஆனால் முப்பது வயதுக் கப்பலை, பாகம் செய்ய ஆளில்லாத வகுப்பின் கப்பலை, மறுபடி கட்ட முடியாது. அடுத்த ஆண்டு ஓய்வு கொடுத்தார்கள்.

ஆனால் அந்த வகுப்பு அதோடு முடியவில்லை. லியாண்டர் கட்டிப் பழகிய நம் வடிவமைப்பாளர்கள் அதே 30,000 குதிரைத்திறன் நீராவி இயந்திரத்தை வைத்துக்கொண்டு, இன்னும் நீளமான, இரண்டு சீ கிங் சுமக்கும் கோதாவரி என்ற கப்பலை வரைந்தார்கள். 1983இல் அது படையில் சேர்ந்தது. ஒரே உடலுக்குள் சோவியத் ஏவுகணை, மேற்கத்தியக் கருவி, இந்தியக் கருவி எல்லாம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மின்னழுத்தம், அலைவெண். அதையெல்லாம் இணைத்துக் காட்டியது உலகக் கடற்படைகளைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பிறகு கல்கத்தாவில் கட்டிய பிரம்மபுத்ரா வகுப்பும் நீராவிதான். 2000க்குப் பிறகும் இந்தியா போர்க்கப்பலில் நீராவியை வைத்திருந்ததற்குப் பலர் குறை சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கையில் தேர்ச்சியும் கிடங்கில் பாகமும் உள்ள இயந்திரத்தை விட்டு, முழுக்க இன்னொருவர் தயவில் நிற்கும் இயந்திரத்துக்குத் தாவுவதில் உள்ள ஆபத்து, காத்திருந்து அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இனி புதிய நீலகிரி. பதினேழு ஏ என்ற திட்டத்தில் ஏழு கப்பல். நான்கு மசகானில், மூன்று கல்கத்தா கார்டன் ரீச்சில். பழைய ஆறு பெயரும் மறுபடி வந்திருக்கின்றன, ஏழாவதாக மகேந்திரகிரி. நம் திருநெல்வேலிப் பக்கத்து மகேந்திரகிரியை நினைத்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது ஒடிசா மலையின் பெயர். புதிய நீலகிரிக்கு 2017 டிசம்பரில் அடித்தண்டு வைத்து, 2019 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். நீளம் 149 மீட்டர், எடை 6,670 டன். பழையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆட்களோ குறைவு. பழைய கப்பலில் ஏறத்தாழ 260 பேர் இருந்த இடத்தில் இதில் சுமார் 225 பேர். கொதிகலன் இல்லை. இரண்டு டீசல், இரண்டு வாயு டர்பைன். உதயகிரியும் ஹிம்கிரியும் 2025 ஆகஸ்ட் 26 அன்று விசாகப்பட்டினத்தில் ஒன்றாகப் படையில் சேர்ந்தன.

இந்தக் கப்பல்களில் 75 சதவீதம் உள்நாட்டுப் பங்கு என்கிறார்கள். மனதார மகிழ்கிறேன். 1966இல் தொடங்கியவர்கள் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பராமரிப்புக்காரன் என்ற முறையில் ஒன்றை யோசிக்கிறேன். சதவீதம் என்பது விலையின் கணக்கு. கப்பலை நிறுத்தும் பாகம் விலையைப் பார்த்து நிறுத்தாது. பழைய நீராவிக் கப்பலில் பழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். குழாய் ஒழுகும், பேரிங் சத்தம் போடும், கைதேர்ந்தவர் அருகில் நின்று சரிசெய்வார். புதிய கப்பலின் டர்பைன் அமெரிக்க வடிவம், பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் இணைத்தது. அது பெரிதாகப் பழுதானால் கப்பலிலேயே பிரித்து வைத்து வேலை செய்வதில்லை. முழுதாக வெளியே எடுத்து, வேறொன்றை உள்ளே வைத்து, எடுத்ததைப் பணிமனைக்கு அனுப்புவார்கள். வேலை சுருக்கமாக முடியும். ஆனால் மாற்றி வைக்க ஒரு டர்பைன் தயாராக இருந்தாக வேண்டும். கருவிகளுக்குள் இருக்கும் மின்னணுச் சில்லுகளோ பத்தே ஆண்டில் சந்தையிலிருந்து மறைந்துவிடும். கப்பலுக்கோ முப்பது ஆண்டு ஆயுள். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதே இன்றைக்குப் பதினேழு ஏ கப்பல்களைப் பராமரிக்கப்போகும் இளைஞர்களின் வேலை. சில்லை மட்டும் மாற்ற முடியாத இடத்தில் பலகையையே மாற்றி வடிவமைப்பார்கள், தேவைப்படும் என்று தெரிந்ததை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிப் பெட்டியில் வைப்பார்கள். அந்தப் பெட்டிகளைப் பார்த்தும் ஒரு தணிக்கையாளர் நாளை கேள்வி கேட்பார்.

இங்கே ஃபாக்டரி வைத்திருப்பவர்களும், வைத்திருந்து மூடியவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய ரோலருக்கும் டிரையருக்கும் இயந்திரத்தோடு வந்த வரைபடங்கள், நீலத்தாளில் வெள்ளைக் கோடு போட்டவை, பல இடங்களில் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. சிலவற்றின் ஓரத்தில் பழைய ஃபிட்டர்கள் பென்சிலில் குறிப்பு எழுதியிருப்பார்கள்: எந்த இரும்பு போட்டது, எத்தனை மாதம் தாங்கியது, எங்கே கடைந்தது என்று. கட்டிடத்தை இடிக்கும்போது அவை எடைக்குப் போகின்றன. அப்படிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். போடவேண்டாம். கீழே இறங்கும்போது என்னிடம் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருகிறேன். இதுவரை பதினாறு சேர்ந்திருக்கின்றன. அந்த முறிந்த விசிறித் தண்டின் படமும் அதில் இருக்கிறது. அதன் அடியில், நான் அளக்காமல் விட்டது, பென்சிலில் எழுதியிருக்கிறது.